கையால் எழுதியது மாதிரி

செவ்வாய், இரவு.

இன்று அச்சகத்துக்கு மண் அகழும் கம்பனியிலிருந்து ஒரு கனவான் வந்தார். அந்தக் கம்பனியை எதிர்த்து எங்கள் சனம் கரையில் பந்தல் போட்டுப் போராட்டத்தில் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே கட்ட அவருக்குப் பெரிய பதாகை வேண்டுமாம்: 'எங்கள் கரை, எங்கள் வளர்ச்சி.'

கொம்பியூட்டரில் எழுத்து வகைகளைக் காட்டினேன். தூரிகையால் இழுத்தது போன்ற தடித்த எழுத்தில் விரலை வைத்தார்.

"இது நல்லம், மிஸ். சனம் தங்கட கையால எழுதின மாதிரிக் கிடக்கு."

அப்படிச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூசவில்லை. பந்தலில் பெண்கள் பெயின்ற் வாளியைச் சுற்றியிருந்து எழுதிய மட்டைகளைப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்திருக்கும்.

"கையெழுத்துத்தான் வேணுமெண்டால் பந்தலில போய்க் கேளுங்கோ. எழுதின ஆக்கள் அங்க இருக்கினம்" என்றேன்.

அவர் சிரித்தார். முதலாளி என்னை எழுப்பிவிட்டுத் தானே கதிரையில் இருந்து அதைச் செய்தார். எழுத்தின் ஓரம் இன்னும் பிசிறட்டும் என்றார் கனவான். ஏழையின் கை நடுங்கும் என்று நினைப்பு. முதலாளி அதற்கும் தலையாட்டினார். இரண்டு பேரும் ஒரே ரகம்.

பின்னேரம் வேலை முடிந்து பந்தலுக்குப் போனேன். எதிரே பதாகை கட்டியாகிவிட்டது. பந்தலில் இருந்த என் மாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தா.

"எங்கட ஆக்களில ஆர் பிள்ளை உந்தப் பதாகையை எழுதிக் குடுத்தது?"

"ஒருத்தரும் எழுதேல்லை, மாமி. அது கொம்பியூட்டர் எழுத்து."

மாமி நம்பவில்லை. பந்தலில் இருந்த பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினா.