காற்று நீலமாக வந்தது

நீல நிறம்! உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இன்று மத்தியானம் எங்கள் சோலார் நிலையத்துப் புதுத் தொட்டியிலிருந்து ஆபரேட்டர் ஒரு குடுவையில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வந்தார். தளதளவென்று கொதித்துக்கொண்டு, விளிம்பில் வெள்ளைப் புகை வழிய, திரவமாகிப்போன காற்று. வல்லத்திராக்கோட்டைப் பொட்டலில் வீசுகிற அதே காற்று. உன் கால்நடை மருந்தகத்தில் இருந்த திரவ நைட்ரஜன் வெறும் தண்ணீர் மாதிரி நிறமற்று இருக்கும். இதில் ஆக்ஸிஜனும் இருப்பதால் லேசான நீலம். பார்த்ததும் வாய்விட்டு உன் பெயரைச் சொல்லிவிட்டேன். ஆபரேட்டர் திரும்பிப் பார்த்தார்.

நீ எங்கள் நிலையத்துக்கு முதலில் வந்தது ஆடுகளுக்காக. பேனல்களுக்கு அடியில் புல் மேய்கிற ஆடுகளுக்குத் தடுப்பூசி போட டாக்டர் வருகிறார் என்றார்கள். ஜீப்பிலிருந்து இறங்கியது பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ. கட்டிப்பிடித்துக்கொள்ளக்கூட நேரமில்லை. நான் போனில் கத்திக்கொண்டிருந்தேன். உச்சி வெயிலில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி மின் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து உத்தரவு.

"இம்புட்டு வெயில் அடிக்குது, கரண்டு வேணாங்கிறாங்களா?" என்றாய்.

"இந்த நேரத்துல வாங்க ஆளில்லடி. பொழுது சாஞ்சதும் எல்லாரும் கேப்பாங்க. அப்ப எங்கிட்ட இருக்காது."

"அப்ப எடுத்து வையி."

"எதுல வைக்க?"

மறுவாரம் உன் மருந்தகத்துக்குக் கூப்பிட்டு, மாடுகளுக்கான சினை ஊசி மருந்தைக் குளிரில் வைத்திருக்கும் கேனைத் திறந்து காட்டினாய். உள்ளே நைட்ரஜன் புகைந்தது. "இதுவும் காத்துதான். இறுக்கி மூடுனா வெடிச்சுப்புடும். சூடேறுனா எழுநூறு மடங்கு விரியுது. அந்த வேகத்தை நீ ஏண்டி பிடிச்சு வேலை வாங்கக் கூடாது?"

அன்று தொடங்கியது எனக்குப் பிடித்த பைத்தியம். தேடிப் படித்தால், வெளிநாடுகளில் இதையே செய்துகொண்டிருந்தார்கள். மிஞ்சுகிற மின்சாரத்தால் காற்றை அழுத்திக் குளிரவைத்துத் திரவமாக்குவது. வெப்பம் புகாத தொட்டியில் வைத்திருப்பது. வேண்டும்போது சூடாக்கி, அது விரிகிற வேகத்தில் டர்பைனைச் சுற்றவிடுவது. நம் மாவட்டத்தில் இல்லாதது வெயிலா, காற்றா?

எங்கள் நிறுவனத்தின் இயக்குநர்கள் மூன்று பேர் சென்னையிலிருந்து வந்த நாள் நினைவிருக்கிறதா? சிறிய சோதனை நிலையத்துக்கு அவர்கள் சம்மதிக்க வேண்டும். திருச்சியில் உனக்கு இரண்டாவது சுற்று கீமோ முடிந்திருந்தது. தலையில் மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாய். அவர்களுக்குச் செய்துகாட்ட, பஞ்சர் கடையில் லாரிச் சக்கரத்து நட்டைக் கழற்றும் காற்றுத் துப்பாக்கியிலிருந்து ஒரு மோட்டார், அதோடு சைக்கிள் டைனமோ, ஒரு சின்ன பல்பு. நைட்ரஜன் வைத்த சிலிண்டருக்கு சேஃப்டி வால்வு இல்லாமல் தொடவே விடமாட்டேன் என்று நீ பிடிவாதம் பிடித்து மாட்ட வைத்திருந்தாய். சிலிண்டரிலிருந்து வந்த செம்புக் குழாய்ச் சுருள் வாளித் தண்ணீரில் கிடந்தது.

வால்வைத் திறந்தேன். மோட்டார் கிர்ரென்று சுற்றியது, பல்பு எரிந்தது. நான் வாயைத் திறந்து விளக்குவதற்குள் வேகம் இறங்கி நின்றே போனது. வாளித் தண்ணீர் சுருளைச் சுற்றிப் பனிக்கட்டியாக இறுகிவிட்டது. சூடு கிடைக்காமல் காற்று எப்படி விரியும்? மூவரில் பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நீ எழுந்து போய், வந்தவர்களுக்காகக் கடையில் வாங்கி வைத்திருந்த டீ கேனைத் தூக்கினாய்.

"சார், ஒங்க டீ போச்சு. கோச்சுக்காதீங்க!"

அப்படியே கவிழ்த்தாய். பனிக்கட்டி படபடவென்று வெடித்தது. இஞ்சி வாசத்தோடு ஆவி கிளம்பியது. மோட்டார் ஊளையிட்டது. பல்பு முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தது! பெரியவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி நழுவியது. "இன்னொரு கேன் டீ சொல்லுங்கம்மா. உக்காந்து பேசுவோம்" என்றார்.

அஸ்திவாரம் போட்டார்கள். தொட்டி வந்து இறங்குவதற்குள் நீ படுத்துவிட்டாய். கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது உன் போர்வை மேல் விரலால் நிலையத்தை வரைந்து காட்டினேன். "தொட்டி வடக்கயா? கம்ப்ரசர் அங்கிட்டு இருக்கட்டும், ஆடு மெரளும்" என்றாய். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "அழுதுக்கிட்டு வால்வுகிட்ட போகாத. ஈரம் பட்டா ஒறஞ்சுபோகும்." உன் அம்மாவும் நானும் சிரித்துவிட்டோம். நீயும் சிரித்தாய், இருமல் வரும்வரை.

இன்று அழவில்லை. அதற்கு நேரமே இல்லை! மத்தியானம் முழுக்க, வேண்டாம் என்று சொல்லப்பட்ட மின்சாரத்தில் தொட்டியை நிரப்பினோம். சூரியன் பேனல்களுக்குக் கீழே இறங்கியது. வால்வு திறந்தது. டர்பைன் முதலில் முனகி, பிறகு சீராகப் பாடத் தொடங்கியது. சற்று நேரத்தில் மின் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"மேடம், அங்க வெயில் போயிருச்சே! ஒங்க லைன்ல இன்னும் கரண்டு வருதுங்க. மீட்டர் எதுவும் கோளாறா?"

"கோளாறு இல்லங்க. அது மத்தியான வெயிலுங்க!" என்றேன். அறையில் இருந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். ஊருக்குள் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன, வீடுகளில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. யாருக்கும் எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும், உனக்கும் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்று. திரவம் மறுபடி காற்றாகும்போது வெளிவருகிற குளிரில் கொஞ்சத்தைப் பால் குளிரூட்டும் நிலையத்துக்குத் திருப்பிவிடலாம் என்று ஒரு யோசனை. நாளை பால் சங்கத் தலைவரைப் பார்க்கப் போகிறேன். யாரையும் பேச விடமாட்டார் என்கிறார்கள். முன்பெல்லாம் இப்படிப்பட்ட அறைகளில் நான் கதவோரத்தில்தான் நிற்பேன். நீ எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கேட்காமலே நாற்காலியை இழுத்து, ஆளுக்கு நேர் எதிரே போட்டுக்கொள்வாய். நாளை நானும் இழுத்துப் போட்டு உட்காரப் போகிறேன். பால் கெடாமலிருக்க அவர் சம்மதிக்கும்வரை எழுந்திருக்கமாட்டேன்.