தாளில் குறைந்த ஆறு வயது

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். போனில் வேலையை விடும் பேச்சை எடுத்தாலே பாதியில் வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

போன மாதம் எனக்கு அறுபத்தைந்து முடிந்தது. பள்ளிச் சமையலறைச் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தேன். முதல் பென்ஷனும் வந்துவிட்டது. கையில் வாங்கியபோது சந்தோஷமே இல்லை அண்ணா. என்னைவிட மூன்று வயது பெரியவர் நீங்கள், இன்னும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வை வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தப் பாவத்தைச் செய்தவள் நான்தானே. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், சலவைக்கூடத்தில் இருபத்தைந்து வயதுக்கு மேல் ஆள் எடுக்க மாட்டோம் என்றார்கள். உங்களுக்கு முப்பது. இவர்கள் மொழியை எழுதத் தெரிந்துவிட்ட திமிரில், விண்ணப்பத்தில் இருபத்துநாலு என்று போட்டேன். பிறந்த தேதிக்கு, சான்றிதழ் இல்லாமல் வந்த நம் ஆட்கள் எல்லோரையும் போல ஜனவரி ஒன்று. இளமை திரும்பிவிட்டது என்று நீங்கள்கூடச் சிரித்தீர்கள். முப்பத்தெட்டு வருஷமாகச் சம்பளத்தில் பிடித்த பென்ஷன் பணம், தாளில் உங்களுக்கு அறுபத்தைந்து ஆகும்வரை வராது. அதற்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

உங்களிடம் சொல்லாமல் பென்ஷன் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் நல்லவள்தான். "உங்க ஊர்க்காரங்க பாதிப் பேருக்கு ஒரே பிறந்தநாள்மா. பிறப்புச் சான்றிதழ் கொண்டு வாங்க, மாத்தித் தரேன்" என்றாள். நம் ஊரில் பிறப்புப் பதிவேடு இருந்த கட்டடமே எரிந்துபோனதை அவளிடம் சொன்னேன். பாவம், சான்றிதழ் இல்லாமல் மாற்ற வழியில்லை என்றாள்.

டாக்டர் உங்களை வேலையை விடச் சொன்னது எனக்குத் தெரியும். உங்கள் சலவைக்கூட டிரைவர் சொல்லிவிட்டார். "தாள்ல அறுபத்திரண்டுதான், முழங்காலுக்குத்தான் அது தெரியல" என்று ஊரெல்லாம் ஜோக்கடிக்கிறீர்களாமே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே வந்துவிடுங்கள் என்றால், "தங்கச்சி பென்ஷன்ல உக்காந்து சாப்பிடச் சொல்றியா?" என்று முறுக்கிக்கொள்கிறீர்கள்.

சரி, தங்கையிடம் வாங்க வேண்டாம். சர்க்கார் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் நான் உங்களுக்கு மூன்று வயது மூத்தவள். அக்கா கூப்பிட்டுத் தம்பி வருவதில் என்ன கௌரவக் குறைச்சல்? இந்த மாதத்தோடு வேலையை விட்டுவிடு. தெருப் பக்கத்து அறையில் கட்டில் போட்டாயிற்று. ஏறி இறங்க ஒரு படிகூட இல்லை. வந்துவிடடா, தம்பி.

நீண்ட ஆயுளோடு நன்றாக இரு.

ஆசீர்வாதத்துடன்,
உன் அக்கா