டிவி வந்த பெட்டி

நவ. 8, சனி

காலையிலிருந்து தூறல். துணி மடித்தாயிற்று. மௌரி அவென்யூ இந்தியக் கடைக்குப் போய்க் காய்கறி, தோசை மாவு. கறிவேப்பிலை மறந்து திரும்ப ஒரு நடை.

நேற்று என் கணவர் செந்திலின் அமெரிக்க விசா நீட்டிப்பு வந்தது. இன்னும் மூன்று வருஷம். சேமியா பாயசம் வைத்தேன். கிரீன் கார்டு வரிசையில் நாங்கள் சேர்ந்தபோது மகள் நிலா பேசவே ஆரம்பிக்கவில்லை. இப்போது எட்டாம் வகுப்பு. எங்களைப் பேச விடுவதில்லை.

பாயசத்தோடு மூவரும் டிவி பார்த்தோம். பார்த்தோம் என்பது மரியாதைக்கு. முப்பத்திரண்டு அங்குலம், நடுவில் பச்சைக் கோடு. சப்டைட்டில் படிக்க நான் எழுந்து கிட்டே போக வேண்டும், போனால் மற்ற இருவருக்கும் என் முதுகுதான் படம். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு தெலுங்குக் குடும்பம் விட்டுப் போன டிவி. சோபா வேறொருவர் விட்டுப் போனது. சாப்பாட்டு மேஜை இன்னொருவர்.

புதுசு வாங்கலாம் என்றேன்.

"வாங்கலாம். சின்னதாப் பார்க்கோணும். ஊருக்குப் போறப்ப என்ன பண்றது?" என்றார் செந்தில்.

செ.யின் பதினோரு வருஷச் சட்டம் இது. மூட்டை கட்டிக் கொண்டுபோக முடியாத எதையும் வாங்கக் கூடாது. அதற்காகவே எல்லாப் பொருளின் அட்டைப்பெட்டியும் பத்திரம். ஹால் க்ளாசெட் அலமாரியைத் திறந்தால்:
மிக்ஸி பெட்டி
ரைஸ் குக்கர் பெட்டி
பிரிண்டர் பெட்டி (பிரிண்டர் செத்து நாலு வருஷம்)
பழைய டிவியின் பெட்டி. இதையும் அந்தத் தெலுங்குக்காரரிடம் கேட்டு வாங்கி வந்தார்!

நிலாவின் செல்லோ வாத்தியத்துக்கு இடமில்லை. ஹாலில் விருந்தாளி மாதிரி நிற்கிறது.

எனக்கு வேண்டியது டிவி மட்டும் இல்லை. நாமாகப் போய், பெரிதாக, இந்த வீட்டுக்கென்று ஒரு பொருள். இங்கேதான் இருக்கிறோம் என்று அந்த மனுஷன் ஒரு தடவையாவது ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதும்போதே கண் கரிக்கிறது. வெங்காயம் நறுக்கிய கை வேறு.

நவ. 9, ஞாயிறு

நல்ல வெயில். நானும் நிலாவும் நீல டேப்பால் சுவரில் டிவி அளவுக்குக் கட்டம் ஒட்டினோம். உள்ளே 55, வெளியே 65. மூலைக்கு மூலை சாய்வாக அளக்க வேண்டுமாம். நான் அகலம் என்று நினைத்து ஒட்டியது பால்கனிக் கதவு வரை போய்விட்டது. பிய்த்து மறுபடி.

மதியம் சாம்பார் சாதம், உருளை. காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். நிலா அதற்குள் போய் நின்று செய்தி வாசித்தாள். "பிரேக்கிங் நியூஸ்! லோக்கல் டாட் ஸ்டில் திங்கிங்." அப்பா இன்னும் யோசிக்கிறாராம். செ.க்குப் புரையேறிவிட்டது.

"அம்பத்தஞ்சே போதும் கல்பனா. நல்லாத்தான் தெரியுது."

வெறும் சுவரில் என்ன தெரிந்ததோ.

நவ. 12, புதன்

சான் ரமோன் ஆபீஸிலிருந்து நேராகக் கடைக்கு. ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம். செ.யும் நிலாவும் முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

ஐம்பது டிவி, ஐம்பதிலும் ஒரே ஆமை நீந்துகிறது. பக்கத்தில் ஒரு தமிழ் ஜோடி.

"கறுப்பு எவ்ளோ கறுப்பா இருக்கு பாரேன்."

"வீட்ல எல்லா லைட்டையும் போட்டு வெப்ப. உனக்கு எதுக்குடி கறுப்பு?"

அவர்கள் புண்ணியத்தில் எந்த வகை டிவி என்ற எங்கள் கேள்வியும் தீர்ந்தது. எங்கள் ஹாலில் சாயங்கால வெயில் நேராக அடிக்கும். திரையில் நல்ல கறுப்பை விட நல்ல வெளிச்சம் முக்கியம்.

விற்பனைப் பெண்ணிடம் செ. கேட்டவை: எத்தனை நாளில் ரிட்டர்ன் பண்ணலாம்? பெட்டி இல்லாவிட்டால் எடுப்பார்களா? இந்தியக் கரண்டில் ஓடுமா?

"ஆர் யூ மூவிங், சார்?"

"நாட் நவ்."

பதினோரு வருஷமாக இதே பதில்.

நவ. 15, சனி

வாங்கியாச்சு! 65!

55-க்கு முன்னால் நின்றவர், தானாக நகர்ந்து 65-க்குப் போனார். ஆமை இரண்டு சுற்று வரும்வரை நின்றார். நான் வாயே திறக்கவில்லை, பெரிய விஷயம். "செரி, இதையே எடுத்துக்கலாம்" என்றார்.

காரில் நுழையவில்லை. படுக்க வைக்கக் கூடாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. என் ஃப்ரெண்ட் பிரபாவுக்குப் போன். மினிவேனோடு வந்தாள், சிரித்துக்கொண்டே. "பொறந்த வீட்டு சீர் மாதிரி நான் தூக்கிட்டு வரணுமாடி?"

டிவியைப் போட்டதும் நிலா போட்ட கத்தலில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவரையும் உட்கார வைத்துக் காபி கொடுத்தோம். சப்டைட்டில் சமையலறையிலிருந்தே தெரிகிறது! பச்சைக் கோடு இல்லாததுதான் ஏதோ குறைகிற மாதிரி. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

டிவி பெட்டி க்ளாசெட்டில் நுழையவில்லை. சோபாவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டார். "இருக்கட்டும், எதுக்கும்."

"எதுக்கும்னா எதுக்குங்க?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

நவ. 16, ஞாயிறு

பொள்ளாச்சியிலிருந்து செ.யின் அக்கா வீடியோ கால். நிலா அதை டிவியில் போட்டுவிட்டாள். அக்கா வழக்கம்போல போனைக் காதில் வைத்துக்கொண்டார். 65 அங்குலத்துக்கு ஒரு காது, அதில் தோசைக்கல் அளவுக்கு ஒரு கம்மல். சிரித்துச் சிரித்து வயிறு வலி.

பிறகு செ. அக்காவைப் போனைப் பார்க்கச் சொல்லி, தன் போனைத் திருப்பி டிவியைக் காட்டினார்.

"இத்தாப்பெருசு! ஏன்டா தம்பி, ஊருக்கு வாரப்ப இதைய எப்படிக் கொண்டாருவ?"

"கொண்டாரலக்கா. இது இங்கதான் இருக்கும்."

"அப்ப நீ?"

செ. என்னைப் பார்த்தார். நான் மறுபடி திரைக்கு வந்துவிட்ட கம்மலைப் பார்த்தேன்.

"அட, இருந்துக்கடா. வருசத்துக்கு ஒருக்கா வந்து மூஞ்சியக் காட்டு, போதும். நாங்க என்ன, கோவிச்சுக்கவா போறோம்?"

போனை வைத்ததும் சமையலறைக்குப் போய், கழுவி வைத்த டம்ளர்களை மறுபடி கழுவினார். நான் போகவில்லை.

நவ. 18, செவ்வாய்

செ.க்கு இன்று வீட்டிலிருந்து வேலை. ஆறு மணிக்கு நான் வந்தபோது கதவைத் திறக்க முடியவில்லை. உள்ளே அட்டை. தள்ளிக்கொண்டு நுழைந்தேன். செ. தரையில் உட்கார்ந்து கத்தியால் புது டிவி பெட்டியை வெட்டிக்கொண்டிருந்தார். பழைய டிவி பெட்டி ஏற்கெனவே தட்டை. க்ளாசெட் கதவு விரியத் திறந்திருந்தது.

"ரிட்டர்ன் பண்ணணும்னா?" என்றேன்.

"எதுக்கு ரிட்டர்ன்? நல்லாத்தானே இருக்குது. நாளைக்கு ரீசைக்கிள் வண்டி வருது. சும்மா நிக்காம அந்த டேப்பைக் கிழி."

கைப்பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்து கிழித்தேன். அழுதேன்தான். அவர் பார்க்காத மாதிரி வெட்டினார். ரைஸ் குக்கர், பிரிண்டர், எல்லாம். நிலா ஒவ்வொன்றின் மேலும் ஏறிக் குதித்தாள். மூன்று நடையில் கீழே நீல ரீசைக்கிள் தொட்டி நிரம்பிவிட்டது.

கடைசியாகத் தலையைச் சொறிந்துகொண்டு, "மிக்ஸி பெட்டி மட்டும் இருக்கட்டுமே?" என்றார்.

போனால் போகிறது, ஒன்றுதானே, இருக்கட்டும் என்றேன்.

நிலா அதற்குள் குதித்துவிட்டாள்.