வயிற்றுத் தோல் கோட்டு

மச்சான்,

ஸலாம் சொல்லிவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குகிறேன். சோறும் பருப்பும் அடுப்படியில் மூடியிருக்கின்றன. உங்கள் தோல் கோட்டைத் தேட வேண்டாம். வாப்பாவிடம் தைக்கக் கொண்டுபோகிறேன்.

நேற்று ஹாலிஎல வளைவில் மோட்டார் சைக்கிளோடு விழுந்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்றீர்கள். கோட்டின் முழங்கை நார்நாராகக் கிழிந்திருக்கிறது. அத்தனையும் மாட்டின் வயிற்றுத் தோல்! மடித்தாலே தொளதொளவென்று சுருங்குகிறது. சேணம் தைப்பவரின் மகள் நான் வீட்டில் இருக்கிறேன், வாங்குமுன் ஒரு வார்த்தை கேட்டீர்களா? "பட்டு மாதிரி மெதுமெதுண்டு இரிக்கி புள்ள, தொரமாரும் இதத்தான் போடுற" என்று வாயை அடைத்தீர்கள். தோட்டத்துத் துரை விழுந்தால் தூக்கிவிடப் பத்துப் பேர் ஓடி வருவார்கள். நீங்கள் ஓடையில் கிடந்தால் யார் வருவார்?

மோட்டார் சைக்கிள் சக்கரத்தை இழுக்கும் பட்டைக்கு மட்டும் வாப்பாவிடமே போய், தடித்த முதுகுத் தோலாகப் பார்த்து வாங்கத் தெரிந்தது. இரும்புக்கு முதுகுத் தோல், உங்கள் எலும்புக்கு வயிற்றுத் தோல்!

காயத்துக்கு மருந்தெண்ணெய் ஜன்னலோரம் இருக்கிறது. என் மேலுள்ள கோபத்தில் பூசாமல் இருந்துவிடாதீர்கள்.

ஸுலைஹா

பி.கு.: கொட்டகையில் வண்டியைக் கிளப்ப வீணாக மிதிக்காதீர்கள். அந்தப் பட்டையையும் கழற்றிக்கொண்டுதான் போகிறேன். அதை வெட்டித்தான் உங்கள் முழங்கைக்கு ஒட்டுப் போடச் சொல்லப்போகிறேன்.