ஞாயிறு மதியங்கள்

19 ஜனவரி 2025, ஞாயிறு

பட்டாசு கம்பெனி லீவு. மகள் ரோஷினி டியூஷனுக்குப் போய்விட்டாள். அவர் வராண்டாவில் துண்டை விரித்துத் தூங்குகிறார். நான் உள்ளே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன்.

முன்பெல்லாம் இந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருப்போம். அவருக்குத்தான் ஆசை அதிகம் என்று அவரையே நினைக்க விட்டிருந்தேன். உண்மையில் எனக்கு அவரைவிட இரண்டு மடங்கு இருந்தது. அதை அவரிடம் சொல்வானேன் என்று இருந்துவிட்டேன்.

இப்போது ஒன்றும் இல்லை. நெருங்கினால் உள்ளே எல்லாம் காய்ந்து கிடக்கிறது, எரிகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினேன். போன ஒரு வருஷமாக அவரே வருவதில்லை. முப்பத்தொன்பது வயதில் கிழவியாகிவிட்டேனா?

27 ஜனவரி

தை மாதக் குளிரிலும் காலை பதினோரு மணிக்கு அந்தச் சூடு. நெஞ்சில் கிளம்பி முகத்துக்கு ஏறி, ஜாக்கெட் தொப்பலாகிவிட்டது. வெடிமருந்து அடைக்கிற ரூமில் வேலை பார்த்தால் உடம்பு சூடு பிடிக்கும் என்று இங்கே எல்லாருமே சொல்வதுதான். மோர், வெந்தயம், எண்ணெய்க் குளியல், எல்லாம் பார்த்தாயிற்று. போர்மேன் ஒச்சப்பன் அண்ணனிடம் கேட்டு, பெட்டி ஒட்டுகிற செக்‌ஷனுக்கு மாறப் போகிறேன். சூடு இறங்கினால் மற்றதும் சரியாகிவிடும்.

17 பிப்ரவரி

பெட்டி செக்‌ஷனுக்கு வந்து மூன்று வாரம். சூடு குறையவே இல்லை. அட்டையிலும் பசையிலும் என்ன சூடு இருக்கிறது?

20 பிப்ரவரி

பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுகிற மாடத்திக்கு முப்பத்துமூன்று வயது. மாதம் பத்து நாள் உதிரப்போக்கு நிற்காமல் இருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்களாம். மூன்று வருஷத்துக்கு முன் நான் எடுத்துக்கொண்ட அதே ஆஸ்பத்திரி.

“யக்கா, நீங்களும் எடுத்தவகதான? அதுக்குப் பெறகு நல்லாத்தான இருக்கீக?”

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன்?

21 பிப்ரவரி

நேற்றிலிருந்து அதே யோசனை. இந்தச் சூடு எப்ப ஆரம்பிச்சது? தையல் காயுறதுக்கு முன்னாடியே வந்துச்சே. அப்ப ரெண்டு மாசம் நான் வீட்டுல படுத்துக் கிடந்தேன். மருந்து ரூம் பக்கமே போகலையே!

3 மார்ச்

அரை நாள் லீவு போட்டுவிட்டு, பழைய ஆஸ்பத்திரி ஃபைலோடு விருதுநகருக்குப் போனேன். லேடி டாக்டர் ஒவ்வொரு தாளாகப் படித்தார்.

“கர்ப்பப்பை மட்டும் இல்லம்மா. ரெண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்திருக்காங்க. உங்ககிட்ட சொல்லலையா?”

சினைப்பையில்தான் பெண்ணுக்கு வேண்டிய ஹார்மோன் ஊறுகிறதாம். ஐம்பது வயதில் மெதுவாக வர வேண்டியது எனக்கு முப்பத்தாறு வயதில் ஒரே நாளில் வந்திருக்கிறது. முகத்துச் சூடு, வறட்சி, ஆசை போனது எல்லாம் அதனால்தான் என்றார். “வீட்டுக்காரரோட இருக்கும்போது வலிக்குதா?” என்று அடுத்துக் கேட்டார். இந்தக் கேள்வியை இதுவரை என்னிடம் யாருமே கேட்டதில்லை. அழுதுவிட்டேன்.

பிரஷர் பார்த்தார். மார்பில் கட்டி இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று விசாரித்தார். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்த பிறகு மாத்திரையும், உள்ளே தடவ ஒரு கிரீமும் தருவாராம். “கொஞ்சம் கொஞ்சமாத்தான் தெரியும். ஆசை எவ்வளவு திரும்பும்னு என்னால உறுதி சொல்ல முடியாது” என்றார்.

4 மார்ச்

ஆபரேஷனுக்குக் கையெழுத்து நான்தான் போட்டேன். இங்கிலீஷ்ல இருந்துச்சு, போட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? என் ஒடம்புதான அது? பாவிக.

9 மார்ச், ஞாயிறு

வராண்டாவில் படுத்திருந்தவரை எழுப்பி எல்லாவற்றையும் சொன்னேன். வாய் சும்மா இருக்கவில்லை. லோடு ஏத்திக்கிட்டுப் போற எடத்துல, காரியாபட்டியில யாரையாச்சும் வச்சிருக்கீகளா என்றும் கேட்டுவிட்டேன்.

“கிறுக்கா ஒனக்கு? நான் தொட்டா நீ பல்லக் கடிக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வலிக்குதுன்னு தெரிஞ்ச பெறகு எப்பிடி வரச் சொல்லுத?”

என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன். அவரோ எனக்கு வலிக்குமே என்றுதான் விலகியிருக்கிறார். கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். ஒரு வருஷத்தை வீணடித்துவிட்டோம்.

24 மார்ச்

சாப்பாட்டு நேரத்தில் மாடத்தியிடம், “அன்னைக்கு நல்லா இருக்கேன்னு சொன்னது பொய்” என்று ஆரம்பித்து முழுசையும் சொன்னேன். சூடு, வறட்சி, வலி, அவர் வராண்டாவில் படுத்தது வரைக்கும். சுற்றி எட்டுப் பெண்கள். மானம் போச்சு என்று டிபன் பாக்ஸை மூடினேன். அப்போது கற்பகவல்லி அக்கா, “அந்த டாக்டரு எந்தத் தெருவுல இருக்காக?” என்று மெதுவாகக் கேட்டார்.

12 மே

மாடத்தி அந்த டாக்டரிடமே போய் வந்தாள். சின்னக் கட்டிதானாம், முதலில் மாத்திரையில் பார்ப்போம் என்றிருக்கிறார். “எடுத்தே ஆகணும்னாலும் சினைப்பையத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன்க்கா” என்றாள்.

2 ஜூன்

மாத்திரையும் கிரீமும் ஆரம்பித்து இரண்டு மாதம். கடைசியாக முகத்தில் சூடு ஏறிப் பதினோரு நாள் ஆகிறது.

22 ஜூன், ஞாயிறு

ரோஷினி டியூஷனுக்குக் கிளம்பியதும் அவர் துண்டை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போனார். “வெளிய வெக்கையா இருக்கு, உள்ள வாங்க” என்றேன். நின்று என் முகத்தையே பார்த்தார். அப்புறம் கதவைச் சாத்தினார்.

“வலிக்குதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டார். இல்லை. மூன்றாவது தடவையும் ஆரம்பித்தபோது, “பேசாம இருங்க” என்றேன். சிரித்துவிட்டார், நானும்.

பழைய மாதிரி முழுசாக இல்லை, பாதி என்று சொல்லலாம். முழுசும் வருமா, தெரியாது. ஆனால் எனக்கும் வேண்டியிருந்தது. இந்தத் தடவை அதை அவரிடமே சொல்லிவிட்டேன்.