மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கு

என் தங்க அம்மா,

அங்கே பரலோகத்திலாவது உனக்கு உட்கார இடம் கொடுத்திருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே ஒரு செய்தி. மேடத்தின் செம்பூர் வீட்டிலிருந்து மறுபடி ஆள் அனுப்பினார்கள், உன் பேத்தி ஜாஸ்மினை வேலைக்குக் கேட்டு.

அவள் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். அந்தக் கால வெள்ளைக்கார டியூடர் ராணிகளின் தோழிப் பெண்களைப் பற்றி ஒருநாள் வாசித்துக் காட்டினாள். ராணிக்கு உடுத்திவிட்டு, ரகசியம் காத்து, கூடவே நிற்பவர்கள். அதற்குக் கூலியாக அவர்கள் குடும்பத்துக்குப் பதவி. ராஜாவுக்கு ராணி சலித்துவிட்டால், அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லவும் அவர்களையே இழுப்பார்களாம்.

"ஆச்சியும் இப்படித்தானம்மா?" என்று கேட்டாள்.

வேறென்ன? நீ மேடத்துக்குப் புடவை மடிப்பு வைத்தாய். கல்யாண வீடுகளில் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாய். நம் குடும்பத்துக்கும் பதவி கிடைத்தது. அப்பா மேடம் இருந்த கட்டடத்துக்கு வாட்ச்மேன், அண்ணன் அவர்கள் காருக்கு டிரைவர். நாம் குடியிருந்த லேபர் கேம்ப்பில் நம்மைவிடப் பெரிய பிரபுக்கள் யார்?

பிறகு மேடத்தின் வீட்டுக்காரர் சாருக்கு வேறொருத்தி மேல் ஆசை வந்தது. மேடத்தைத் தேடி ஒரு ஆண் வந்துபோனதாக நீ எழுதித் தர வேண்டும் என்று அவருடைய வக்கீல் நம் வீட்டுக்கே வந்தார். அப்பா கெஞ்சினார். அண்ணன் கத்தினான். நீ அரிசி களைந்துகொண்டே சொன்னாய்:

"பாக்காததப் பாத்தேன்னு எப்படிச் சொல்லுவேன்? கர்த்தர் கேப்பாருல்லா?"

அந்த வாரமே அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வேலை போயிற்று. அப்பா உன்னோடு பேசுவதையே நிறுத்தினார். நீ யாருக்காக வாய் திறக்காமல் நின்றாயோ அந்த மகாராணி என்ன செய்தாள்? சாரோடு சமாதானமாகிவிட்டு, "உன்னப் பாத்தா அவருக்குப் பழசெல்லாம் ஞாபகம் வருது" என்று உன்னை வெளியே அனுப்பினாள். அண்ணன் மட்டும் காலைப் பிடித்து மறுபடி டிரைவரானான். அவனுக்கு முதுகெலும்பைக் கொடுக்க மறந்துவிட்டாயா அம்மா?

அவன்தான் இப்போது தூது வந்தான்.

"ஏட்டி, சாரும் செத்துப் போயிட்டாரு. மேடத்துக்குக் கூட இருக்க ஆள் வேணுமாம். ரூம், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ. படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா உன் மவ?"

பதிலை நேரிலேயே சொல்லலாம் என்று அவனோடு போனேன். மேடம் சோபாவில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். வயது ஆளைச் சுருக்கியிருக்கிறது. அதிகாரத்தை ஒரு நூல்கூடச் சுருக்கவில்லை.

"உங்கம்மா மாதிரி வராது. அவ மடிப்பு வச்சா அப்படியே நிக்கும்."

"எங்கம்மா பேரு என்ன மேடம்?"

"சாந்திதானே?"

"ஞானப்பூ."

"அதெல்லாம் யார் கூப்பிடறது? நான்தான் சாந்தின்னு வச்சேன். உன் பொண்ணையும் சாந்தின்னே கூப்பிட்டுக்கறேன். எனக்கும் ஈஸி."

சிரிப்பு வந்தது அம்மா. கோபத்துக்குக்கூட லாயக்கில்லாத வீடு அது.

"பொய்ச் சாட்சி சொல்லாம உங்க மானத்தக் காப்பாத்துனது சாந்தி இல்ல மேடம், ஞானப்பூ. அவ மவ சொல்லுதேன். எங்க வீட்டுப் பொண்ணு இங்க வராது."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணனிடம் திரும்பி, "இஸ்கோ க்யா சாஹியே?" என்றாள், இவளுக்கு என்னதான் வேண்டுமாம் என்று.

"ஒண்ணுமில்ல மேடம்," என்று குனிந்து, நழுவிய சால்வையைச் சரிசெய்தான் உன் மகன்.

வீட்டுக்கு வந்தபோது ஜாஸ்மின் கதவருகிலேயே நின்றிருந்தாள். "போகணுமாம்மா?" என்றாள். "போய்ப் படி," என்றேன். உள்ளே போனவள் வெகுநேரம் அழுதாள். அவ்வளவு பயந்திருக்கிறாள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. மேடம் உன்னைத் துரத்திவிட்ட பிறகும், படுக்கையில் விழும்வரை அவளுக்காக ஜெபம் பண்ணினாயே, ஏன்? அது அன்பா, பழக்கமா? என்னையும் பண்ணச் சொன்னாய். என்னால் ஆகாது அம்மா. அந்த நேரத்தில் உன் பேத்திக்காக முழங்கால் போடுவேன். அவள் யார் நாற்காலிக்குப் பின்னாலும் நிற்காமல் பார்த்துக்கொள்வேன். இது வாக்கு.

ஞானப்பூ பெற்ற ஒரே மகள்,
எஸ்தர்