அப்பா ஊதாத காப்பி

ரூக் கிரீக், கொலராடோ
1909 மார்ச் 14

அன்புள்ள அம்மாவுக்கு, சிக்னே எழுதுவது.

அப்பா இப்போதெல்லாம் காப்பியை ஊதிக் குடிப்பதில்லை. வழக்கம்போலக் கோப்பைத் தட்டில் ஊற்றுகிறார், சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொள்கிறார், பிறகு சும்மா அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடல் தாண்டி இங்கே வருமுன், நம் வீட்டில் அவர் ஊதும் சத்தத்துக்கே தம்பி நில்ஸ் விழித்துக்கொள்வானே! நான் பாத்திரம் கழுவும் சாப்பாட்டு விடுதியில் நேற்று பெங்கெல்லி அவரைச் சீண்டினார். இருவரும் சுரங்கத்தில் ஒன்றாக வேலை செய்கிறவர்கள்.

"என்ன ஆல்பின், ஊதினா காப்பி பறந்துடுமா?"

"சுரங்கமே ஆறிக்கிட்டிருக்கு. காப்பியும் ஆறட்டுமே."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைத் தூக்கவில்லை.

தங்கம் குறைந்துவிட்டது. பாதிப் பேரைத்தான் கீழே இறக்குகிறார்கள். போன வாரம் பலகையால் கட்டிய பள்ளிக்கூடத்தை அப்படியே உருளைக் கட்டைகள்மேல் ஏற்றி, குதிரை பூட்டி, அடுத்த ஊருக்கு இழுத்துப் போனார்கள். நான்தான் முன்பே படிப்பை நிறுத்திவிட்டேனே, எனக்கென்ன? ஆனாலும் அது வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி அப்பா சொல்வது. பாறை துளைத்துப் பழகிய கைக்குப் பேனா பிடிபடவில்லை என்று என்னையே எழுதச் சொல்கிறார். "லோவிசா, வீட்டையும் பசுவையும் வித்துட்டுப் பையனோட வந்துடு. இங்க நல்லாத்தான் இருக்கு."

எனக்கென்று தனியாக நீ ஒரு வரிகூட எழுதுவதில்லை.

உன் மகள்,
சிக்னே

*

வார்ம்லாந்து
1909 ஏப்ரல் 20

என் கண்ணே சிக்னே,

இது உனக்கு மட்டும். அப்பாவிடம் வாசித்துக் காட்டாதே.

நீ எழுதியதில் அந்தக் காப்பியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. கல் உடைக்கப் போன உன் மாமாவும் முதலில் ஊதுவதைத்தான் விட்டான். நெஞ்செல்லாம் கல்தூசி. அடுத்த குளிர்காலத்தை அவன் பார்க்கவில்லை.

இங்கே வீட்டை வாங்க ஆள் வந்திருக்கிறது. ஜூனில் வரும் நடுக்கோடைத் திருநாளுக்குள் வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் எனக்கும் நில்ஸுக்கும் திரும்பி வர இடமில்லை. உன் அப்பாவைக் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக் கை எட்டும் தூரத்தில் வைத்து, ஊதச் சொல். அணைந்தால் வருகிறேன். அணையாவிட்டால், அவரை இங்கே அழைத்து வரலாமா என்று மருத்துவரைக் கேள். உனக்குக் கூச்சம், தெரியும். இந்த ஒரு தடவை வாய் திறந்து கேள்.

உன் பதில் வரும் வரை யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அம்மா

*

ரூக் கிரீக்
1909 மே 16

அன்புள்ள அம்மா,

கேட்டேன். கப்பல் பயணத்தைத் தாங்க மாட்டார், வருகிற குளிரையும் தாண்ட மாட்டார் என்றார் மருத்துவர்.

அதற்கு முன்பே மெழுகுவர்த்தி வைத்துப் பார்த்துவிட்டேன்.

"பட்டப்பகல்ல எதுக்கும்மா இது?"

"சும்மா ஊதுங்கப்பா."

ஊதினார். சுடர் கொஞ்சம் சாய்ந்து மறுபடி நிமிர்ந்துகொண்டது. இன்னொரு தடவை ஊதினார். அப்புறம் திரியை விரலால் நசுக்கினார்.

"உங்கம்மா சொல்லிக் குடுத்தாளா?"

தலையாட்டினேன்.

"அணைஞ்சிடுச்சுன்னு எழுது. பொய்யில்லையே, அணைஞ்சுதானே கெடக்கு!"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவ முகத்தை ஒரு தடவை பாத்துட்டாப் போதும், சிக்னே."

நான் என்ன செய்வேன் அம்மா? நீ வந்தால் அவர் உன் முகத்தைப் பார்ப்பார். அதன்பிறகு? பள்ளிக்கூடம்கூடத் தங்காத ஊரில், வீடும் இல்லாமல், நில்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நீ எங்கே போவாய்? பெங்கெல்லியும் அடுத்த வாரம் கிளம்புகிறார்.

வீட்டை விற்காதே. வராதே. அவரோடு நான் இருக்கிறேன்.

இந்த வரிகளை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இப்போது அப்பா அடுப்படியிலிருந்து கேட்டார்: "எழுதிட்டியா?"

"வரச் சொல்லி எழுதிட்டேம்ப்பா."

உடனே எழுந்து, உன் கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று சுவரைக் கையால் சாண் போட்டு அளக்க ஆரம்பித்தார். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

நான் பேனாவை வைத்துவிட்டுப் போய், அவருடைய தட்டில் காப்பியை ஊற்றி, நானே ஊதினேன்.

சிக்னே